சாய்ந்த மரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டின் பின்புறம் நிற்கும் பெரிய மரம் ஒருபக்கம் பட்டுப்போய், சுவரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. நானும் என் 15 வயது மகளும் சேர்ந்தே அதை வெட்டி எடுத்துவிடலாம் என்று இறங்கினோம். கைக்கு எட்டிய கிளைகளைக் கழித்தாயிற்று. அடிமரத்தில் கைவைக்கும்போது, "பிள்ளையை வைத்துக்கொண்டு செய்கிற வேலையா இது?" என்று வீட்டில் தடுக்கிறார்கள். மகளோ கயிற்றைப் பிடித்து இழுக்கும் வேலை தனக்குத்தான் என்கிறாள். பிள்ளைகளை இத்தகைய வேலையில் சேர்க்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சேர்க்கலாம். ஆனால் கயிற்று முனையில் நிறுத்தக் கூடாது. கயிற்றை நேராக இழுப்பவர், மரம் எந்தப் பக்கம் விழவேண்டுமென்று விரும்புகிறோமோ அந்தப் பக்கத்திலேயே நிற்கிறார். ஒரு கப்பியைக் கட்டி ஒதுங்கி நின்று இழுத்தாலும், சுவர்ப்பக்கம் சாய்ந்துவிட்ட பாரத்தை இரண்டு பேரின் கைவலிமை எதிர்த்திசைக்குத் திருப்பிவிடாது.

உண்மையில் மரத்தைத் திசைப்படுத்துவது கயிற்றைவிட, வெட்டும்போது நாம் அறுக்காமல் விட்டுவைக்கும் மெல்லிய மரப்பகுதிதான். விழவேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் வாய் வெட்டி, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வருகையில், நடுவே அடிமர விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மீதம் வைக்கிறார்கள். கதவுக்குக் கீல் போல அது வளைந்து கொடுத்தபடி மரத்தை இறக்குகிறது. பச்சை மரத்தின் நார் அப்படி வளையும். பட்ட மரத்தில் அது சட்டென்று முறிந்துவிடலாம், பிறகு மரம் தன் சாய்வுப்படிதான் போகும். உங்கள் மரத்தில் பட்டுப்போனதும் சாய்வும் சேர்ந்தே இருப்பதால், உங்கள் வீட்டார் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்கத் தெரிந்த, அதற்கான கருவிகளுள்ள ஆட்களிடம் அந்தப் பகுதியை ஒப்படைத்துவிடுங்கள். ஏணியில் ஏறி நின்று இயந்திர ரம்பத்தை இயக்கும் துணிச்சல், பழகாதவர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது.

ஆட்கள் வருவதற்கு முன் உங்கள் மகளுக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. நூலில் கட்டிய ஒரு குண்டைக் கையில் தொங்கவிட்டு, சற்றுத் தள்ளி நின்று அந்த நூலோடு அடிமரத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒரு பக்கத்திலிருந்து நேராகத் தெரியும் மரம் பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் நன்றாகவே சாய்ந்திருக்கும். அடியில் காளான் முளைத்திருக்கிறதா, சுத்தியலால் தட்டினால் எங்கே பொந்து ஒலி கேட்கிறது, மேலே எந்தக் காய்ந்த கிளை இன்னொன்றில் சிக்கிக்கொண்டு நிற்கிறது, மின்கம்பி எவ்வளவு அருகில் போகிறது என்பதையெல்லாம் அவள் வரைந்து கொடுத்தால், வருகிறவர்களுக்கே அது பயன்படும். வெட்டும் நேரத்தில் மட்டும், மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தொலைவுக்கு அப்பால் இருவரும் விலகிவிட வேண்டும். வீட்டுக்குள்ளும் ஒருவரும் இருக்கக் கூடாது.

தூர் எடுப்பதுதான் நீங்கள் இருவரும் சேர்ந்து செய்யத்தக்க வேலை. இதற்கு அவசரமே கிடையாது. அடிமரத்தைத் தரையோடு அறுத்துவிடாமல் மார்பளவு விட்டுவைக்கச் சொல்லுங்கள், பின்னால் நெம்புவதற்கு அந்த உயரம் உதவும். குழாயோ கம்பியோ புதைந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, சுற்றிலும் அகலமாகத் தோண்டுங்கள். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் பக்கவாட்டில்தான் ஓடியிருக்கும். ஒவ்வொரு வேரையும் மண் போகக் கழுவிய பிறகே வெட்டுங்கள், ஏனெனில் மண்ணும் கல்லும் பட்டால் எந்தக் கூரும் உடனே மழுங்கிவிடும். ஒருவர் கோடரி ஓங்கும்போது மற்றவர் குழிக்குள் இருக்கக் கூடாது. மகள் "நிறுத்துங்கள்" என்றால் காரணம் கேட்பதற்கு முன்பே நீங்கள் கோடரியைத் தாழ்த்திவிட வேண்டும். அந்த அதிகாரத்தை முதலிலேயே அவளுக்குக் கொடுத்துவிடுங்கள்; ஓங்குகிறவரின் கண் வேரில் இருக்கும், சுற்றுப்புறம் முழுவதையும் பார்ப்பவள் அவள்தான்.

பக்கவேர்கள் அறுந்த பின்னும் தூர் அசையாவிட்டால், அடியில் இன்னும் ஏதோ ஒரு வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். முரட்டுத்தனமாக நெம்பாமல், எந்தப் பக்கம் குறைவாக ஆடுகிறதோ அந்தப் பக்கம் மேலும் தோண்டுங்கள். குழியை மூடுகையில் மண்ணை அடுக்கடுக்காக மிதித்து, தரைமட்டத்துக்குச் சற்று மேலாகவே குவித்துவையுங்கள். மழை பெய்ததும் அது அமுங்கும்.