ஆன்சன் ஜோன்ஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்சாஸ் சில ஆண்டுகள் தனி நாடாக இருந்தது, அதன் கடைசி அதிபர் ஒரு டாக்டர் என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் சொல்லியிருந்தீர்கள். நான் மருத்துவம் படிப்பவள் என்பதால் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். நாட்டை அமெரிக்காவிடம் ஒப்படைத்தவர், பின்னாளில் தற்கொலை செய்துகொண்டார். குற்ற உணர்வுதான் காரணமா? பேசாமல் டாக்டராகவே இருந்திருக்கலாமே?

ம.

அன்புள்ள ம.,

குற்ற உணர்வு இல்லை. இணைப்பைத் தன் சாதனையாகவே ஆன்சன் ஜோன்ஸ் கடைசிவரை நினைத்தார். அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் அவரை அரித்தது.

டாக்டராக அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1798இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். ஆரம்பத்தில் வைத்தியம் ஓடவில்லை, மருந்துக்கடையும் ஓடவில்லை. பிலடெல்ஃபியாவில் கடன்காரர் ஒருவர் அவரைக் கைது செய்யவே வைத்தார். வெனிசுவேலாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, 1827இல் பட்டம் வாங்கினார். அப்புறம் மருத்துவத்தையே விட்டுவிட்டு நியூ ஆர்லியன்ஸில் வியாபாரம் செய்து அதிலும் நொடித்துப்போனார். 1833இல் டெக்சாஸின் பிரசோரியாவுக்கு வந்தவர், திரும்பிப் போகக் கப்பலில் இடமும் பிடித்துவிட்டார். ஊர்க்காரர்கள்தான் அவசரப்படாதீர்கள் என்று நிறுத்தி வைத்தார்கள். அங்கேதான் கை ராசியானது. ஆண்டுக்கு 5,000 டாலர் வருமானம்.

1836இல், மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் விடுதலை பெற்ற சான் ஹசிந்தோ போரில் படைப்பிரிவின் அறுவை மருத்துவராக இருந்துகொண்டே, சாதாரணச் சிப்பாயாகவும் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இது.

பிறகு நாடாளுமன்ற உறுப்பினர், வாஷிங்டனில் தூதர், அதிபர் சாம் ஹூஸ்டனின் வெளியுறவு அமைச்சர் என்று ஏறி, 1844 டிசம்பரில் அதிபர் ஆனார். அப்போது மக்கள் அமெரிக்காவோடு சேரத் துடித்துக்கொண்டிருந்தார்கள். இவரோ வாய் திறக்கவில்லை. ஒருபக்கம் அமெரிக்காவின் அழைப்பு, மறுபக்கம் பிரிட்டனையும் பிரான்ஸையும் வைத்து மெக்சிகோவிடம் தனி நாடு என்ற அங்கீகாரம் வாங்கும் முயற்சி. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கோபத்தில் மக்கள் அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். 1845 ஜூலை 4 அன்று கூடிய மாநாடு இணைப்பை ஏற்றது. பிரிட்டனைக் காட்டி அமெரிக்காவை அவசரப்படுத்தியதே நான்தான் என்பது அவர் வாதம். அதில் பாதியை நான் நம்புகிறேன். மீதிப் பாதி, எந்தப் பக்கம் காற்றடிக்கும் என்று பார்த்திருந்ததுதான். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. டெக்சாஸ் அடிமை முறையோடுதான் ஒன்றியத்தில் சேர்ந்தது. அவருடைய பாரிங்டன் பண்ணையிலும் அடிமைகளே உழைத்தார்கள். அவர்மேல் எனக்குள்ள பரிவு அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

1846 பிப்ரவரி 19, ஆஸ்டின். டெக்சாஸ் குடியரசின் ஒற்றை நட்சத்திரக் கொடியை இறக்கினார்கள். “இந்த மகத்தான நாடகத்தின் கடைசிக் காட்சி நடந்து முடிந்தது. டெக்சாஸ் குடியரசு இனி இல்லை” என்றார் ஜோன்ஸ். நாட்டை முடித்துவைத்தவருக்கு அமெரிக்க செனட்டில் ஓர் இடம் கிடைக்கும் என்று நம்பினார். ஆனால் செனட்டுக்குச் சாம் ஹூஸ்டனும் தாமஸ் ரஸ்க் என்ற இன்னொரு டெக்சாஸ் தலைவரும் போனார்கள்.

அதன் பிறகு பன்னிரண்டு வருடம் பண்ணையில் புழுங்கிக்கொண்டே இருந்தார். 1849இல் குதிரையிலிருந்து விழுந்ததில் இடது கை முடங்கியது. மூத்த மகனுக்கு சாமுவேல் ஹூஸ்டன் என்று பெயர் வைத்தவர் அவர். பின்னால் அந்தப் பெயர் சாமுவேல் எட்வர்ட் என்று மாறிவிட்டது. ஹூஸ்டன்மேல் இருந்த பகை எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும். 1857இல் மறுபடி செனட்டுக்கு ஆசைப்பட்டார். அன்று செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம்தான். அங்கே அவருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை.

1858 ஜனவரியில் ஹூஸ்டன் நகரத்துக்கு வந்து, பழைய கேபிடல் ஹோட்டலில் தங்கினார். குடியரசின் நாடாளுமன்றம் ஒருகாலத்தில் அந்தக் கட்டடத்தில்தான் இயங்கியது. இருபது வருடத்துக்கு முன் முதல்முறை உறுப்பினராக அவர் வந்து உட்கார்ந்ததும் அங்கேதான். ஜனவரி 9 அன்று அங்கேயே சுட்டுக்கொண்டார். தன் தரப்பைச் சொல்ல அவர் தொகுத்து வைத்திருந்த நாட்குறிப்புகளும் கடிதங்களும் மறு வருடம் புத்தகமாக வந்தன. நேரம் கிடைத்தால் படித்துப் பாருங்கள்.