ஐந்தாவது இடம் யாருக்கு?

கேள்வி: எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு. போன விடுமுறையில், நொய்யல் ஆற்றுப் பக்கம் ஒரு மேட்டுக்காட்டில் இருக்கும் பழங்காலக் கல்வட்டங்களைக் காட்ட அவர்களைக் கூட்டிப்போனோம். ஒன்றரை மணி நேரப் பயணம். இறங்கிய பத்தாவது நிமிடம் மகன் "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, காருக்குள் போய் உட்கார்ந்து செல்போனை எடுத்துக்கொண்டான். மகள் ஒரு உடைந்த பானை ஓட்டைப் பொறுக்கி வந்ததோடு சரி. அது இப்போது ஷோகேஸில் இருக்கிறது. புதைத்த இடம் என்றால் பயந்துவிடுவார்களே என்று, "அந்தக் காலத்து ராஜா கட்டிய கோட்டை" என்றுதான் சொல்லியிருந்தோம். என் கணவருக்கு மனசே விட்டுப்போயிற்று. யூடியூபுக்கு வீடியோ எடுக்க அவருடைய நண்பர் ஒருவரும் கேமராவோடு வந்திருந்தார். அவர் முன்னால் அவமானமாகப் போய்விட்டது.

மாமியாருக்கு நாங்கள் போனதே பிடிக்கவில்லை. "பொணம் பொதைச்ச எடத்துக்குப் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவாங்களா? கல்லு மேல ஏற வுட்றாதீங்க, ஒரு கல்லையும் நவுத்தாதீங்க, வந்ததும் தலைக்கு ஊத்தி வுடு" என்று ஏதேதோ பழைய கதை. அவர் பிறந்தது பக்கத்து ஊர்தான். சின்ன வயதில் அந்தக் கற்களுக்கு நடுவேதான் ஆடு மேய்த்தாராம். காரில் இடமில்லாததால் அவரைக் கூட்டிப்போகவில்லை. மதியச் சாப்பாடு செய்து ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினோம், ஒரு குறையும் வைக்கவில்லை. வரும் விடுமுறையில் மறுபடி போகலாம் என்கிறார் கணவர். பிள்ளைகளுக்கு ஆர்வம் வர என்ன செய்வது? மாமியார் அவர்கள் மனதில் பயத்தை ஏற்றாமல் எப்படித் தடுப்பது?

— பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: முதலில் கார்க் கணக்கைப் பார்த்துவிடுவோம். நீங்கள், கணவர், இரண்டு பிள்ளைகள்: நான்கு பேர். ஐந்தாவது ஆள் கேமராக்காரர். இதைத்தான் "இடமில்லாததால்" என்று எழுதியிருக்கிறீர்கள். இடம் இருந்தது சகோதரி. அதை யாருக்குக் கொடுப்பது என்று வீட்டில் ஒரு முடிவு எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

"பிள்ளைகளுக்கு எதிலும் ஆர்வமில்லை, கோயிலுக்குப் போனாலும் செல்போன், மியூசியத்துக்குப் போனாலும் செல்போன்" என்று ஒவ்வொரு விடுமுறை முடிந்ததும் எனக்குக் கடிதம் வரும். கவலைப்படாதீர்கள், வளர வளரச் சரியாகிவிடும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை. உங்கள் மகனிடம் எந்தக் குறையும் இல்லை. கோட்டை என்று சொல்லிக் கூட்டிப்போனீர்கள். மதில் இல்லை, வாசல் இல்லை, கொத்தளம் இல்லை. முள்ளுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் வட்டமாகக் கொஞ்சம் பாறாங்கல். "இவ்வளவுதானா?" என்று கேட்காமல் வேறு என்ன கேட்பான்? அன்றைக்கு அங்கே வந்த ஐந்து பேரில் கண்ணில் பட்டதை உள்ளபடி சொன்னவன் அவன் ஒருவன்தான்.

அது கோட்டை இல்லை, கல்லறை. இதை உங்கள் வீட்டில் சரியாகச் சொன்னவர் மாமியார். தொல்லியல் துறைக்காரர்கள் ஈமச்சின்னம் என்பதைத்தான் அவர் பொணம் பொதைச்ச எடம் என்கிறார்.

அந்த வட்டத்துக்கு நடுவே சின்னச் சின்னக் கற்களைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குவியலுக்கு அடியில், பெரிய பலகைக் கற்களை நாலு பக்கமும் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் போட்ட அறை இருக்கும். பல இடங்களில் கிழக்குப் பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை வெட்டியிருப்பார்கள். இடுதுளை என்று பெயர். ஆள் இறந்ததும் உடலை அப்படியே கொண்டுபோய் வைத்துவிடுவதில்லை. பெரும்பாலும் கொஞ்ச காலம் கழித்து எலும்புகளைப் பொறுக்கி எடுத்து வந்து, பானைகளோடும் இரும்புக் கருவிகளோடும் உள்ளே வைப்பார்கள். ஒரே அறையில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைப்பதும் உண்டு. அந்த மூடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பல டன் எடை. பாறையிலிருந்து பிளந்து, இழுத்து வந்து, தூக்கி நிறுத்த வேண்டும், கிரேன் இல்லாமல். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமில்லை. ஊரே கை வைத்திருக்க வேண்டும். இறந்துபோன ஒருவருக்காக!

உங்களுக்கு அக்கம்பக்கத்திலேயே கொடுமணல் இருக்கிறது. 1985-ல் தொடங்கிப் பலமுறை அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. ஒரு கல்லறைக்குள் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தச் சிவப்புக் கல் குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில், ஒரு கல்லறையில் நாலு கால் வைத்த ஒரு சாடி. அதற்குள் இரண்டு கிலோ நெல். அந்த நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள்; கி.மு. 490 என்று வந்தது. செத்தவருக்கு வழியில் பசிக்கும் என்று யாரோ அளந்து போட்டிருக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் படுகிறது.

இப்போது உங்கள் ஹாட்பாக்ஸுக்கு வருகிறேன்.

கல்லறை போலவே, இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகளும் உண்டு; தாழி என்று பெயர். அந்தத் தாழிகளைப் பற்றி நம் ஊர்களில் ஒரு கதை உண்டு, கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் வயசாளிகள் லேசில் சாகமாட்டார்களாம். உடம்பு குறுகிக் குறுகிக் குழந்தை அளவுக்கு ஆகிவிடுமாம். வைத்துப் பார்க்க முடியாமல் வீட்டிலிருப்பவர்கள் ஒரு தாழிக்குள் உட்கார வைத்து, பக்கத்தில் சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்துவிட்டு வந்துவிடுவார்களாம். இது வெறும் கதை. தோண்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இறந்த பிறகு சேர்த்து வைத்த எலும்புகள்தான். ஆனால் அந்தக் கதையில் வருகிற மகனும் மருமகளும்கூடச் சோறு வைத்துவிட்டுத்தான் போனார்கள். அவர்களைக் கேட்டிருந்தாலும் "ஒரு குறையும் வைக்கவில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கோபம் வருகிறதா? வரட்டும். ஏதோ ஒரு காலத்தில், யாரோ பெற்ற பிள்ளைகள் தங்கள் பெரியவர்களுக்காகக் கல் சுமந்த இடத்தைக் காட்ட ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினீர்கள். அந்தக் காட்டில் வளர்ந்த பெரியவரை வீட்டில் விட்டுவிட்டு ஓட்டினீர்கள். பிள்ளைகள் அன்றைக்குப் படித்துக்கொண்ட பாடம் கல்வட்டத்தைப் பற்றியது என்றா நினைக்கிறீர்கள்? அப்பத்தாவுக்கு இடம் இல்லை, வீடியோ எடுப்பவருக்கு இடம் உண்டு என்பதை ஆறு வயதுக் குழந்தைகூடக் கவனித்திருக்கும்.

மாமியாருக்குப் பிடிக்கவில்லையே, எப்படி வருவார் என்பீர்கள். அவர் சொன்னதாக நீங்களே எழுதியதை இன்னொருமுறை படியுங்கள். கல் மேல் ஏறாதே. ஒரு கல்லையும் நகர்த்தாதே. வந்ததும் தலைக்கு ஊற்று. முதல் இரண்டையும் அப்படியே பலகையில் எழுதி அந்தக் காட்டில் நட்டுவைத்தால் தொல்லியல் துறை சந்தோஷப்படும். மூன்றாவதற்கு வருகிறேன். தீட்டு என்பதில் எனக்குத் துளி நம்பிக்கையும் கிடையாது. ஆனால் வெயிலில் புழுதி அளைந்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? அவர் போகாதே என்று தடுத்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. தான் ஓடி விளையாடிய இடத்துக்கு, தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லோரும் கிளம்பியதில்தான் அவருக்குப் பொல்லாப்பு. அதை அப்படிச் சொல்ல அந்தத் தலைமுறைக்கு வராது. பொணம், தீட்டு என்றுதான் வரும்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சாவை மறைத்து வளர்க்கிற பிள்ளைதான் பயப்படும். இப்போதெல்லாம் சொந்தத் தாத்தா இறந்தால்கூடப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். கூட்டிப்போக வேண்டும், பெரியவர்கள் அழுவதையும் பார்க்கட்டும். "இங்கே ஒருத்தரைப் புதைச்சிருக்காங்க, ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னாடி, அவங்க வீட்டுக்காரங்க அவங்க மேல பாசமா இருந்திருக்காங்க, அதனாலதான் இவ்வளவு பெரிய கல்லு" என்று ஆறு வயதுக் குழந்தையிடம் சொன்னால் அது பயப்படாது. அவங்க பேர் என்ன என்று கேட்கும். மகனுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லலாம். புறநானூற்றில் 256-ஆம் பாட்டு, தாழி செய்யும் குயவரிடம் ஒரு பெண் கேட்பது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வந்த பல்லி போல இவரோடு இத்தனை தூரம் வந்துவிட்டேன், எனக்கும் சேர்த்துத் தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய் என்கிறாள். காரில் போகும்போது சொல்லுங்கள். பத்து வயதுக்குப் புரியும். மாமியார் ராத்திரி விளக்கணைத்த பிறகு பேய்க்கதை ஆரம்பித்தால், அதை மட்டும் நேராகவே சொல்லி நிறுத்துங்கள். பகலில் சொல்லுங்க அத்தை என்றால் போதும்.

ஆர்வம் இல்லை என்று நீங்கள் முடிவு கட்டிய பிள்ளைகளில் ஒருத்தி, அத்தனை கல்லுக்கும் நடுவே ஒரு பானை ஓட்டைக் கண்டுபிடித்து வந்திருக்கிறாள்! அதை "அதோடு சரி" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். ஷோகேஸைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் கருப்பாகவும் வெளிப்பக்கம் சிவப்பாகவும் இருந்தால், அந்தக் கல்லறைகளில் கிடைக்கும் கருப்பு-சிவப்புப் பானையின் துண்டாகவே இருக்கலாம். மேலே ஏதாவது கீறல் கோடு இருக்கிறதா என்று அவளையே தேடச் சொல்லுங்கள். பிறகு, அடுத்த முறை போகும்போது அவள் கையாலேயே எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இடத்தை விட்டு நகர்ந்த ஓடு யாருக்கும் எதுவும் சொல்லாது. "ஒரு கல்லையும் நவுத்தாதீங்க" என்றாரே, அது ஓட்டுக்கும் பொருந்தும்.

வீடியோவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னிடம் ஊர்ப் பெயரை மறைத்த நீங்கள் யூடியூபில் மறைத்தீர்களா? புதையல் இருக்கும் என்று ராத்திரியில் கடப்பாரையோடு வந்து கல்லறைகளைப் பெயர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டாயிற்று. அவர்கள் அதற்கா அஞ்சப்போகிறார்கள்? வீடியோவில் வழி சொல்லியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

மறுபடி போவதாக இருந்தால் காலை ஏழு மணிக்கு அங்கே இருங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் வட்டம் வட்டமாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் வெறும் கல். குவியலுக்குள் கை விடக்கூடாது, பாம்பும் தேளும் இருக்கும். காடு யாருடைய பட்டாவோ, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். உங்கள் மாமியாருக்கு அவரையோ அவருடைய அப்பாவையோ தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மகனிடம் ஒரு நோட்டைக் கொடுத்துவிடுங்கள். அப்பத்தா ஆடு மேய்த்த காலத்தில் எத்தனை வட்டம் இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது, காணாமல் போனதெல்லாம் எங்கே போயிற்று என்று அவன் கேட்டு எழுதட்டும். உழவுக்காகச் சமன் செய்தது, ஜல்லிக்கு உடைத்தது, கிணற்றுக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் ஏற்றிப்போனது என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். ஒவ்வொரு வட்டத்தையும் காலடியால் அளந்து, அவர் கை காட்டுகிற இடங்களையும் சேர்த்து ஒரு படம் வரையட்டும். அரை நூற்றாண்டுக்கு முன்னால் அந்தக் காடு எப்படி இருந்தது என்பது இன்றைக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அது அவர் தலைக்குள் இருக்கிறது, அவருக்கும் வயதாகிறது. உங்கள் கணவருக்கு உண்மையிலேயே தொல்லியலில் ஆர்வம் இருந்தால், கேமராவை முதலில் தன் அம்மா பக்கம் திருப்பியிருப்பார். இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நண்பர் வருவதாக இருந்தால் பைக்கில் வரட்டும். மாமியாருக்கு முட்டிவலி என்றால் டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கேளுங்கள். "வர்றீங்களா அத்தை?" என்று கேட்காதீர்கள். "நான் எதுக்குச் சாமி, நீங்க போயிட்டு வாங்க" என்பார், நீங்களும் கேட்டாயிற்று என்று விட்டுவிடுவீர்கள். "போன தடவை எங்களுக்கு ஒண்ணும் தெரியல அத்தை, நீங்க வந்து காட்டணும்" என்று கேளுங்கள்.