பகலில் மேய்ச்சல், ராத்திரிக்குக் கூடு: வாசகர் கேள்வி பதில்

களக்காடு வாசகி: அண்ணாச்சி, புறவாசலில் கம்பு நட்டு கோழி வலை அடித்து நல்ல பெரிய கூடாகக் கட்டினோம். ஒரே ராத்திரியில் ஐந்து கோழி போய்விட்டது. தின்னக்கூட இல்லை, கழுத்தைக் கடித்துப் போட்டிருக்கிறது. வலை ஓரமாக மண்ணைத் தோண்டிய குழி கிடந்தது. கீரியாக இருக்குமோ? விஷம் வைக்கலாமா?

விஷம் மட்டும் வைத்துவிடாதீர்கள் அம்மா. கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாம் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை. அது ஒரு பக்கம் இருக்க, விஷத்தை அடுத்த வீட்டு நாய் தின்றால் என்ன செய்வீர்கள்? கீரி பெரும்பாலும் பகலில்தான் திரியும், அதனால் ராத்திரி வந்தது வேறு ஏதோவாக இருக்கலாம், தெருநாயாகவும் இருக்கலாம். எது வந்திருந்தாலும் தடுக்கிற வழி ஒன்றுதான்.

கடையில் கோழி வலை என்று தருகிறார்களே, அந்த அறுகோணக் கண் வலை, அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். மெல்லிய கம்பியை முறுக்கிச் செய்தது, நாய் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும், இரண்டு மழைக்காலம் பார்த்தால் துருப்பிடித்துவிடும். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்காவது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்த வலை, போடுங்கள், காசு கூடத்தான் ஆகும், ஆனால் கூட்டில் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். மேல்பாதிக்குப் பழைய வலையே போதும் என்று நினைக்க வேண்டாம், மரநாய் நன்றாக ஏறும், அங்கேயும் கனமான கம்பி வலைதான் வேண்டும். மெஷ்ஷை ஆணி அடித்து வளைத்துவிட்டால் நிற்காது. மேலே ஒரு ரீப்பர் கட்டையை வைத்து அழுத்தி ஸ்குரூ முடுக்குங்கள்.

அப்புறம் அந்தக் குழி விஷயம். தோண்டுகிற பிராணி சுவரும் தரையும் சேருகிற இடத்தில்தான் தோண்டும், இரண்டடி தள்ளி நின்று தோண்டத் தெரியாது. அதனால் மெஷ்ஷை ஓரடி ஆழத்துக்குப் புதைக்கலாம், இல்லை என்றால் வெளிப்பக்கமாக ஒன்றரை, இரண்டடி அகலத்துக்குத் தரையில் விரித்து, கல்லும் மண்ணும் போட்டு மூடிவிடலாம். புல் முளைத்ததும் அது இருப்பதே தெரியாது. கதவுக்கு வெறும் கொண்டி போதாது, தூக்கினால் கழன்றுவிடும், கூடவே ஒரு கொக்கியும் போடுங்கள். எல்லாம் முடித்த பிறகு கூட்டைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். விரல் நுழைகிற சந்து எங்கே இருந்தாலும், முக்கியமாகக் கதவுக்கு அடியில், அடைத்துவிடுங்கள். முட்டையைச் சாயங்காலமே எடுத்துவிட்டால் பாம்பு வருவதும் குறையும்.

கடையம் வாசகர்: ஆனி ஆடிக் காற்றுக்குப் பயந்து நாலு பக்கமும் பலகை அடித்து, மேலே தகரம் போட்டேன். இப்போது கோழிகளுக்கு மூக்கில் சளி, கண் வீக்கம். காலையில் கதவைத் திறந்தால் நமக்கே கண் எரிகிறது.

அந்த எரிச்சல் எச்சத்தின் ஈரத்திலிருந்து கிளம்புகிற அம்மோனியா வாயு. உங்கள் கண் ஒரு நிமிஷம் தாங்காததைக் கோழி ராத்திரி முழுக்க சுவாசிக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்கள் ஊரில் மேற்கிலிருந்துதானே அடிக்கிறது? அப்படியென்றால் கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். மேற்குச் சுவரை மட்டும் முழுதாக மூடுங்கள். வடக்கும் தெற்கும் கோழி உட்காரும் உயரம் வரை பலகை, அதற்கு மேல் கூரை வரை மெஷ். காற்று கோழியின் தலைக்கு மேலே போய் வரட்டும், கோழியின் உடம்பில் நேராக அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். இப்படி வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே அதிகம் விழாது. ஐப்பசி கார்த்திகை மழைக்குக் கூரையை இரண்டரை அடி வெளியே நீட்டிவிடுங்கள். தகரத்தின் மேல் ஓலை வேய்ந்தால் சித்திரை வெயிலுக்குச் சூடு நன்றாகக் குறையும். தரையில் நெல் உமியை நாலு அங்குலம் பரப்பி வாரம் இரண்டு தடவை கிளறிவிடுங்கள். கையில் பிடித்தால் கட்டியாக ஒட்டக் கூடாது, ஒட்டினால் மாற்ற வேண்டிய நேரம். கழித்த உமி தென்னைக்கு நல்ல எரு. சளி பிடித்த கோழிகளைத் தனியாகப் பஞ்சாரத்தில் வைத்து, இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பாளையங்கோட்டை வாசகி: பத்துக் கோழிக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

பகலில் வெளியே மேய்ந்தால் தலைக்கு இரண்டு சதுர அடி போதும், ஆறடிக்கு நாலடி வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் கம்பில் ஒரு கோழிக்கு எட்டு அங்குல நீளம் வேண்டும். முட்டைப்பெட்டி ஓரடிக்கு ஓரடி, நாலைந்து கோழிக்கு ஒன்று. பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், உயர்ந்திருந்தால் அதிலேயே படுத்து எச்சம் போட்டுவிடும். ஆற்றங்கரைப் பக்கம் வீடு என்றால் இடத்தில் மேடான மூலையைப் பாருங்கள், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எங்கெல்லாம் ஏறியது என்று உங்களுக்கே தெரியும்.

திசையன்விளை வாசகர்: பனங்கையும் ஓலையும் சும்மா கிடக்கிறது. அதிலேயே கட்டலாமா?

தாராளமாக. கூட்டின் மரச்சட்டத்துக்குப் பனங்கையைவிட நல்ல மரம் நம்ம பக்கம் கிடையாது. ஆனால் ஓலைக்கு அடியில் மெஷ் போட்டுவிட்டு வேயுங்கள், இல்லாவிட்டால் எலியும் பாம்பும் கூரையில் குடியேறும். இன்னொன்று, ரத்தம் குடிக்கிற செந்நிறப் பேன் பகலில் கட்டை வெடிப்பில் ஒளிந்திருக்கும், ராத்திரிதான் கோழி மேல் ஏறும். டார்ச் வெளிச்சத்தில் கம்பின் அடியில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், சிவப்புக் கறை வந்தால் பேன் இருக்கிறது. வெடிப்பெல்லாம் அடையும்படி சுண்ணாம்பு அடியுங்கள். வெளியே நிழலில் மணலும் சாம்பலும் கலந்து ஒரு குழி விட்டால் கோழி தானே புரண்டு சுத்தம் செய்துகொள்ளும்.

சுரண்டை வாசகர்: நல்ல கூடு கட்டினால் வெள்ளைக் கழிச்சல் வராதா?

வரும் தம்பி, ராணிக்கெட் என்கிற அந்த வைரஸ் நோய்க்குத் தடுப்பூசிதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்துகிற இருவார முகாமையும் விடாதீர்கள். சந்தையில் வாங்கின கோழியை நேராகக் கூட்டில் விடாமல் மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.