3 ஆண்டு பொறுக்க வேண்டுமா?

கேள்வி: கையில் தோலுக்கடியில் கருத்தடைக் குச்சி வைத்து 8 மாதமாகிறது. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறேன். துணி மாற்ற மறைவிடமில்லை. கிளினிக்கில் எடுக்கக் கேட்டால், "3 ஆண்டு முடியட்டும்" என்கிறார்கள்.
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கையே, 3 ஆண்டு என்பது குச்சியின் ஆயுள். அதுவரை நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று விதியில்லை. வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தாதியாக இருந்தபோது பலருக்கு எடுக்க உதவியிருக்கிறேன்: மரத்துப்போக ஊசி, சிறு கீறல், சில நிமிடங்கள், அவ்வளவுதான். நீங்களே தோண்டிவிடாதீர்கள்! ஒழுங்கற்ற உதிரப்போக்கால்தான் பெண்கள் பலர் இதை எடுத்துவிடுகிறார்கள். சிலருக்கு மாத்திரையில் கட்டுப்படும். தலைசுற்றினால் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எடுத்த சில நாட்களிலேயே கரு தங்கலாம். கரு வேண்டாமென்றால் வேறு கருத்தடை ஏற்பாட்டை அன்றே தொடங்குங்கள். மறுபடியும் மறுத்தால் வேறு மருத்துவரிடம் போங்கள்.