கடல்குதிரைக்கு ஒரு பின்கோடு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் என் ஃப்ராக்டல் படங்கள் நாலு பக்கம் வந்தாலும் வந்தன, ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு கட்டுக் கடிதம் மந்தைவெளிக்கு வந்து இறங்கிவிட்டது. 34 வருடம் தபால் பிரித்த கை இது. ஊருக்கெல்லாம் பிரித்தேன், என் பேருக்கு இத்தனை வந்து பார்த்ததில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கில் நான் எப்போதும் பார்டர் பாஸ். ஃப்ராக்டல் என்றால் என்ன என்று எனக்கும் புரிகிற மாதிரி சொல்வீர்களா மேடம்? (வாசகி, குரோம்பேட்டை)

கடற்கரையிலிருந்து ஆரம்பிக்கலாம். தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் 906.9 கிலோமீட்டர் என்று அரசுக் கணக்கில் பல வருடம் இருந்தது. உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையில் அது 1,068.69 ஆகிவிட்டது. இந்தியா முழுமைக்கும் 7,516.6 என்பது 11,098.81 ஆனது. யாரும் கடலை இழுத்து நீட்டவில்லை. முன்பு மேலோட்டமான வரைபடத்தில் அளந்தார்கள், இப்போது நுணுக்கமான வரைபடத்தில் அளந்திருக்கிறார்கள். பெரிய வளைவுக்குள் ஒளிந்திருந்த சின்ன வளைவெல்லாம் கணக்கில் ஏறிவிட்டது. இன்னும் நுணுக்கமாக அளந்தால் இன்னும் ஏறும். இப்படிப் போகப் போக வளைவுக்குள் வளைவு வருகிற சங்கதிக்கு மேண்டல்பிராட் என்கிற கணிதவியலாளர் 1975-இல் வைத்த பெயர்தான் ஃப்ராக்டல். லத்தீனில் 'உடைந்தது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து எடுத்தார்.

படம் எப்படி வருகிறது என்றால், பேப்பரும் பேனாவும் எடுங்கள். பூச்சியத்தில் தொடங்கி, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, கூடவே ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டே போங்கள். கூட்டுவது 1 என்றால் 0, 1, 2, 5, 26, 677 என்று பிய்த்துக்கொண்டு ஓடும். கூட்டுவது -1 என்றால் 0, -1, 0, -1 என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே கிடக்கும். ஓடாதவற்றுக்குக் கறுப்பு. ஓடுகிறவற்றுக்கு, எத்தனாவது அடியில் எல்லை தாண்டியது என்று பார்த்து ஒரு நிறம். திரையில் ஒவ்வொரு புள்ளியையும் கூட்டுகிற எண்ணாக வைத்து இதையே செய்தால் மேண்டல்பிராட் கணம் (கணக்கில் 'செட்' என்பார்களே, அந்தக் கணம்) வந்து உட்காரும். இடவலத்துக்கு ஒரு எண், மேல்கீழுக்கு ஒரு எண் என்று இரண்டாக வைத்துப் பெருக்குவதில் கொஞ்சம் சூட்சுமம் உண்டு. அதைக் கம்ப்யூட்டர் நிரல் பார்த்துக்கொள்ளும்.

"கம்ப்யூட்டர்தானே போடுது, இதுல அந்தம்மாவோட கைவேலை என்ன இருக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். என்ன பதில் சொல்ல? (வாசகி, அம்பத்தூர்)

நியாயமான கேள்விதான். எட்டு வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டார். நான் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. தேடுகிறேன், நிறுத்துகிறேன், நிறம் கொடுக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலை நாலே முக்கால், பால் பாக்கெட் இன்னும் வரவில்லை. கடல்குதிரைப் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் உண்டு, கணத்தின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் கழுத்து மாதிரி இருக்கும் இடுக்கு. வரிசையாக வால் சுருட்டிய கடல்குதிரைகள். இடவலத்துக்கு -0.7 என்றால் அந்த வட்டாரம், -0.74 என்றால் அதில் ஒரு தெரு, -0.743 என்றால் ஒரு வீடு. ஓர் இலக்கம் கூடினால் இடம் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். எனக்கு இது புதிதே இல்லை. 600028 என்று கவரில் பார்த்தால் 6 தென்கோடி மண்டலம், 600 சென்னை, கடைசி மூன்று எண் எங்கள் தபாலாபீஸ். சுருங்கச் சுருங்கத்தான் ஆள் கிடைப்பார்.

அன்றைக்கு ஒரு வாலின் நுனியில் போய், அதிலிருந்து பிரிந்த சுருளுக்குள் போய், அதற்குள்ளே பார்த்தால் குட்டியாக முழு மேண்டல்பிராட் கணமே உட்கார்ந்திருந்தது, அதே வயிறு, அதே தலையோடு. எல்லோரும் அங்கேதான் நிறுத்துவார்கள். நானும் நிறுத்தி, பார்த்து, சலித்து, ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்தேன். அங்கே இரண்டு சுருள் ஒன்றையொன்று தொடாமல் நின்றுகொண்டிருந்தன. அதுதான் படம். பிறகு நிறம். நிரல் கொடுத்த நீலமும் மஞ்சளும் கண்ணைக் குத்தியது. என் கல்யாணப் புடவையின் அரக்கும் மாம்பழ மஞ்சளும் போட்டேன், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மயில்கழுத்து. நாற்பது நிமிடம் ஆயிற்று, பாலும் வந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரரை ஒருநாள் உட்கார வையுங்கள். அவர் வேறு இடத்தில் நிறுத்துவார்.

எந்த மென்பொருள்? என்னிடம் பழைய லேப்டாப்தான் இருக்கிறது. (வாசகர், பெரம்பூர்)

பழையதே போதும். ஸாஓஸ் இலவசம், மவுஸை அழுத்திப் பிடித்தால் படம் அப்படியே உள்ளே போய்க்கொண்டிருக்கும், முதல் மாதத்துக்கு அது ஒன்றே போதும். புகை மாதிரி, பட்டுத்துணி மாதிரி படங்கள் வேண்டுமென்றால் அபோஃபிஸிஸ். ஸ்காட் டிரேவ்ஸ் 1992-இல் கொண்டுவந்த 'தீக்கொழுந்து' முறையில் ஓடுவது. முப்பரிமாணத்துக்கு மேண்டல்பல்ப் 3டி. அதை அக்னி நட்சத்திரத்தில் ஓட்டாதீர்கள். என் லேப்டாப் மிக்ஸி மாதிரி கத்துகிறது, கீழ்வீட்டு மாமி வந்து கேட்டுவிட்டுப் போனார்.

படங்களை எப்படிச் சேர்த்து வைக்கிறீர்கள்? (வாசகர், மடிப்பாக்கம்)

இப்போது ஒழுங்காக. 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் இருந்தோம். ராத்திரி அடையாறு வீட்டுக்குள் வந்தபோது சர்டிபிகேட், நகை, மாத்திரை டப்பா எல்லாம் மாடிக்குப் போயிற்று. மேஜைக்குக் கீழே இருந்த சிபியூ யார் நினைவிலும் இல்லை. மூன்று வருடத்துப் படங்கள். உறவுக்காரர்கள் போனில் பாதிக்குமேல் இருந்தன, திருப்பி அனுப்பினார்கள். ஆனால் எல்லாம் வாட்ஸாப் நசுக்கிய சின்னப் படங்கள். எந்தப் புள்ளி, எவ்வளவு உருப்பெருக்கம், எத்தனை முறை சுற்ற வைத்தேன், என்ன வண்ணப்பட்டை என்கிற குறிப்பு போனது போனதுதான். அது இருந்தால் எந்த அளவிலும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விலாசம் அழிந்த கவர். அந்த 2013 வெள்ளி நிறச் சுருளை இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் குறிப்புக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். எண்களை நோட்டிலும் எழுதுகிறேன். பேத்தி சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

நம்ம கோலமும் ஃப்ராக்டல்தானே அக்கா? அப்படி ஒரு வீடியோ பார்த்தேன். (வாசகி, மேற்கு மாம்பலம்)

பெருமையாக 'ஆமாம்' சொல்ல ஆசைதான். ஆனால் பெரும்பாலான கோலம் ஃப்ராக்டல் இல்லை. 15 புள்ளி, இடுக்குப் புள்ளி 8 வரை வைத்துப் போட்ட கோலத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கோலமாவுதான் தெரியும், குட்டிக் கோலம் தெரியாது. அதன் அழகு சமச்சீரில் இருக்கிறது, அது வேறு அழகு.

ஆனால் ஒரு சொந்தம் உண்டு. சில கம்பிக் கோலங்கள் ஒரு விதியை வைத்துப் பெரிதாகிக்கொண்டே போகும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து கோலத்தின் இலக்கணத்தை 1974-இலேயே கட்டுரையாக எழுதினார்கள். செடி வளர்வதைச் சொல்ல லிண்டன்மேயர் என்கிற உயிரியலாளர் 1968-இல் ஒரு முறை கண்டுபிடித்தார். அதை வைத்துப் பாம்புக் கோலத்தை ஒன்றிரண்டு வரி விதியில் அடக்கிவிடலாம். ஃப்ராக்டல் செடிகளைப் போடுவதும் அதே முறையில்தான். என் அம்மா கேட்டிருந்தால், "விதி என்னடி விதி, கை போற போக்கு" என்றிருப்பாள்.

தினமும் பகிர்கிறீர்களே, யாராவது எடுத்துக்கொண்டால்? (வாசகர், நங்கநல்லூர்)

எடுத்துக்கொண்டார்கள். என் படத்தின் நடுவில் ரோஜாப்பூ வைத்து, 'இனிய செவ்வாய்க்கிழமை வணக்கம்' என்று எழுதி, பதினொரு நாள் கழித்து அது எனக்கே திரும்பி வந்தது. அனுப்பியது கோயம்புத்தூரிலிருக்கும் என் சின்ன நாத்தனார். "அண்ணி, நீங்க போடற மாதிரியே இருக்கு பாருங்க" என்று வேறு குறிப்பு. சண்டை போடவா முடியும்? இதயம் போட்டு அனுப்பினேன். அன்றிலிருந்து ஓரத்தில் சின்னதாகப் பெயர் எழுதுகிறேன். ரோஜா மேலும் ஒன்று கூடியிருக்கிறது.

படமாக அனுப்பினால் வாட்ஸாப் தரத்தைக் குறைத்துவிடும், 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள். கூடவே எண்களையும் அனுப்புங்கள். என்னோடு தபால் பிரித்த ஒருவர் நான் அனுப்பிய எண்ணில் நுழைந்து, நான் பார்க்காத ஒரு சுருளைக் கண்டுபிடித்து அனுப்பினார். நூறு 'சூப்பர்' வந்தாலும் அந்தச் சந்தோஷம் வராது.

பிரிண்ட் போட்டு மாட்டலாமா? (வாசகி, திருவான்மியூர்)

ஏ4 அளவுக்கு 2480 × 3508 பிக்ஸலில் புதிதாக ஓட்டிக் கொடுங்கள். திரையில் மின்னும் நீலம் காகிதத்தில் மங்கும். ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள்.

பாட்டி, உள்ளே போய்க்கொண்டே இருந்தால் கடைசி வருமா? (ஆறாம் வகுப்பு மாணவன், ராயபுரம்)

வராது தம்பி. ஆனால் ஓரிடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். உடனே கடைசி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. நிரல்கள் பெரும்பாலும் ஓர் எண்ணில் 15, 16 இலக்கம் வரைதான் நினைவு வைத்திருக்கும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் அதற்கும் நுணுக்கமாக நெருங்கிவிட்டால் எல்லாம் ஒரே எண்ணாகத் தெரியும், பாவம். இன்னும் நீளமான எண்களைத் தாங்குகிற நிரல்களும் உண்டு, மெதுவாக ஓடும்.

சனிக்கிழமை காலையில் இடவலம் -0.7436, மேல்கீழ் 0.1318 என்று கொடுத்து உள்ளே போய்ப் பார். எங்கே நிறுத்தினாய் என்று எண்ணோடு எழுது. சாப்பிட அம்மா கூப்பிட்டால் எழுந்துவிடு, அது அங்கேயேதான் இருக்கும்.