காருக்கு முன் தரிப்பிடம்

தம்பி, டோக்கியோவில் வேலை கிடைத்திருக்கிறது, வந்ததும் பழைய வேகன் ஆர் ஒன்று வாங்கலாமா என்று யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். காரை மலிவாகவே வாங்கலாம். அதை நிறுத்த இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு.

ஊரில் படலையைத் திறந்து வளவுக்குள் விட்டு, மாமரத்தடியில் நிறுத்திவிடுகிறோம். இங்கே 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் வைத்திருப்பவருக்குத் தெருவுக்கு வெளியே ஓர் இடம் இருக்க வேண்டும். அதுவும் வீட்டிலிருந்து 2 கிலோமீற்றருக்குள். பொலிஸ் நிலையம் அதற்குச் சான்றிதழ் தந்தால்தான் கார் உங்கள் பெயரில் பதிவாகும். வேகன் ஆர் போன்ற சிறிய 'கேய்' கார்களுக்கு டோக்கியோவில் பதிந்த பிறகு அறிவித்தால் போதும். ஆனால் இடம் அவற்றுக்கும் வேண்டும். இரவில் தெருவோரம் ஒரே இடத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் விட்டாலே குற்றம்.

நான் முதல் கார் வாங்கியபோது விண்ணப்பத்தோடு தரிப்பிடத்தின் படமும் வரைந்து கொடுத்தேன். மழைத் தூறலில் மனைவி அளவுநாடாவின் ஒரு முனையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க, நான் மறுமுனையோடு நீளம், அகலம், முன்னாலுள்ள தெருவின் அகலம் என்று ஒவ்வொன்றாக அளந்தேன். இடத்தின் சொந்தக்காரரிடம் சம்மதக் கடிதமும் வாங்க வேண்டியிருந்தது. அன்றுதான் இந்த நாட்டில் நிலம் எவ்வளவு அருமையானது என்பது எனக்கு உறைத்தது.

கேய் காரின் நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் தாண்டக்கூடாது. என்ஜின் 660 சிசிக்குள் இருக்க வேண்டும். நம் ஒழுங்கைகளில் வேகன் ஆர் அவ்வளவு இலகுவாகத் திரும்புகிறதே, இப்படிப்பட்ட ஒடுங்கிய தெருக்களில் ஓட அளந்து செய்த வண்டி அது. நகர நடுவில் கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கோபுரங்களும் உண்டு. இரும்புத் தட்டில் ஏற்றிவிட்டு நாம் இறங்கிவிட வேண்டும். தட்டு காரோடு மேலே போகும்.

வந்ததும் ஒரு சைக்கிள் வாங்குங்கள். ரயில் நிலையம்வரை அதில் போய், அங்கிருந்து ரயில் எடுக்கலாம். பல நிலையங்களில் சைக்கிள் விடவும் ஈரடுக்குத் தட்டுகள்தான்: மேல்தட்டை இழுத்துச் சாய்த்து, சைக்கிளை ஏற்றி, உள்ளே தள்ள வேண்டும். முதலில் கை நோகும், பிறகு பழகிவிடும். நிலைய வாசலில் மட்டும் சாத்திவிட்டுப் போகாதீர்கள். நகராட்சி ஏற்றிக்கொண்டு போய்விடும். பணம் கட்டித்தான் மீட்க வேண்டும்.

வேலையிடம் எந்த நிலையத்துக்குப் பக்கத்தில் என்று எழுதுங்கள். எந்தப் பகுதியில் அறை பார்க்கலாம் என்று சொல்கிறேன்.