கிண்டியில் வேலை: குறைந்த வாடகையில் பாதுகாப்பாக எங்கே தங்கலாம்?

தங்கைக்குக் கிண்டியில் வேலை, எந்தப் பகுதி பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதையிலேயே தேடுங்கள். பல்லாவரம், குரோம்பேட்டை என் தேர்வு. கிண்டிக்கு ஒரே ரயில், வாடகையும் நகருக்குள் இருப்பதைவிடக் குறைவு.

பகலில் மட்டும் வீடு பார்க்காதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் இறங்கி வீடு வரை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, பெட்டிக்கடை திறந்திருக்கிறதா, பெண்கள் தனியாக நடக்கிறார்களா என்று கவனியுங்கள். எனக்கு இதுதான் முக்கியம்.

அப்புறம் வெள்ளம். 2015-இல் வேளச்சேரி, முடிச்சூரெல்லாம் மூழ்கின. தரைத்தள வீடென்றால் சுவரின் அடியில் பழைய நீர்க்கறை தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். புது பெயிண்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். கரண்டுக்குத் தனி மீட்டரா என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.